பூனையின் பங்கு

கல்முனைக் கடற்கரையில் விடியற்காலை வேளையிலே கரைவலை இழுக்கும் காட்சியை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். இரு புறமும் வரிசையாக நின்று தொழிலாளர்கள் வடத்தைப் பற்றி இழுப்பார்கள். மடி மெல்ல மெல்லக் கரையை நெருங்கும். மணலில் ஏறியதும் சூடையும் கீரியும் நெத்தலியும் அதிலிருந்து குவியலாகக் கொட்டும். அதன் பின்னர் பங்கு பிரிப்பார்கள். வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டிக்கு ஒரு பங்கு. வடம் இழுத்த தோள்களுக்கு ஒரு பங்கு. ஆனால் எந்தக் கணக்கிலும் எழுதப்படாத பங்காளி ஒருவரும் அங்கே உண்டு. வாடியின் நிழலிலே வாலைச் சுருட்டிக்கொண்டு, அவசரமேதும் இன்றி அவர் காத்திருப்பார். அவருக்கும் இரண்டு மீன் எறியாமல் எவரும் கூடையைத் தூக்குவதில்லை. அவர்தாம் பூனையார்.

அந்தப் பூனையின் பங்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணியுள்ளேன். மீன் என்றால் பூனை, பூனை என்றால் மீன் என்று நாம் வழங்கி வருகிறோம். மீன் கிடையாத வீட்டிலே பாலை ஊற்றுகிறோம்; பாலும் இல்லையென்றால் சோற்றில் ஆணத்தைப் பிசைந்து வைக்கிறோம். அண்மைக் காலத்தில், பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்போர் சிலர், கடையில் விற்கும் உலர் உணவை விடுத்து, பச்சை இறைச்சியையும் பச்சை மீனையும் தாமே வெட்டிக் கலந்து கொடுக்கத் தலைப்பட்டுள்ளனர். இயற்கை உணவு இதுவே என்பது அவர்கள் வாதம். இயற்கை உணவு என்பது எது? கோழியா, மாடா, மீனா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டுப் பூனையின் மூதாதை கடலோரத்துப் பிராணி அன்று. வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களிலே திரிந்த காட்டுப் பூனையே அதன் மூலம் என்பது மரபணு ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது. மனிதன் தானியம் விதைத்துக் களஞ்சியம் கட்டிய காலத்திலே, களஞ்சியத்தைத் தேடி எலி வந்தது; எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவிலே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாய்வாளர் கண்டு, 2004 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். ஆகவே பூனைக்கும் மனிதனுக்கும் உள்ள உடன்படிக்கை நெல்லையும் கோதுமையையும் காக்கும் உடன்படிக்கையாகவே தொடங்கிற்று. அதிலே மீனுக்கு இடமே இருக்கவில்லை.

நம் தமிழ் இலக்கியமும் இதற்கு ஒருவகையிற் சான்று கூறுகிறது. குறுந்தொகைப் பாட்டு ஒன்றிலே, இனிய துயிலைக் கலைத்துக் கூவிய சேவலைத் தலைவி சினந்து, வெருகின் குட்டிக்கு நீ இரையாகக் கடவாய் என்று சபிக்கிறாள். வெருகு என்பது காட்டுப் பூனை. சங்கப் புலவர் கண்ட வெருகின் இரை கோழியே, மீன் அன்று. மீனையே நம்பி வாழும் பூனையினம் ஒன்று நம் நாட்டிலே இல்லாமலில்லை. ஆறுகளையும் களப்புகளையும் அடுத்த சேற்று நிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. நீரிலே இறங்கி இரை கொள்ளும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் அது வேறொரு சாதி. நம் அடுப்பங்கரையிற் படுத்திருப்பது பாலைநிலத்து வேடனின் வழித்தோன்றல். நீர் குறைந்த நிலத்திலே பிறந்த அவ்வினம், தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெற்றது. இன்றும் நம் பூனை தண்ணீர்ப் பாத்திரத்தை அலட்சியம் செய்வது அந்தப் பழக்கத்தின் எச்சமே.

அப்படியானால் மீன் எப்போது பூனையின் பங்காயிற்று? மனிதன் பிடித்துக் கொடுத்தபோது என்பதே விடை. எகிப்திலே, தீப்ஸ் நகரத்து நக்த் என்பாரின் கல்லறைச் சுவரிலே, ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. நாற்காலியின் கீழே பூனையொன்று மீனைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த மீனை அது நைல் நதியிற் பாய்ந்து பிடிக்கவில்லை. விருந்திலே அமர்ந்தவர்களின் வீட்டிலே பெற்றது. பின்னர் கப்பல்களிலே பூனை உலகைச் சுற்றியது. சரக்கையும் வடத்தையும் எலி கடிக்காதிருக்க மாலுமிகள் அதனை ஏற்றிச் சென்றனர். செங்கடல் ஓரத்திலே, தமிழகத்து மிளகை இறக்கிய பெரனிக்கே என்னும் துறைமுகத்திலே, கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளுக்குரிய வளர்ப்புப் பிராணிகளின் இடுகாடு ஒன்றை ஆய்வாளர் அகழ்ந்துள்ளனர். அங்கே புதைக்கப்பட்டவற்றிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை பூனைகள். சிலவற்றின் கழுத்திலே பட்டியும் இருந்தது. துறைமுகங்களிலே மனிதனுக்கு எது மலிவோ அதுவே பூனைக்கும் உணவாயிற்று. மீன் அவ்வாறு வந்த உணவு.

இனி, அதே செங்கடலின் மறுகரைக்குச் செல்வோம். அரபு நாட்டிலே பூனைக்கு இருந்த மதிப்பை அபூஹுரைரா என்னும் பெயரே காட்டும். பூனைக்குட்டியின் தந்தை என்பது அதன் பொருள். அபூகதாதா என்னும் நபித்தோழர் ஒழுச் செய்ய வைத்த நீரைப் பூனையொன்று நாடி வந்தபோது, அது குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்றும், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நபிகள் நாயகம் அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார் என்றும் ஹதீஸ் கூறும். எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், 13 ஆம் நூற்றாண்டிலே கெய்ரோவின் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே வக்பு செய்தார் எனப்படுகிறது. அந்த அறம் வேறு வடிவிலே 19 ஆம் நூற்றாண்டு வரை நிலைத்து, நாள்தோறும் அந்நகரப் பூனைகளுக்கு உணவு கொட்டப்பட்டது.

ஆனால் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கிய செய்தி இன்னொன்று. பூனையொன்றை அடைத்து வைத்து மாளவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அது. அவள் செய்த குற்றம் எவ்வாறு கூறப்படுகிறது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்னும்படி வெளியே விடவும் இல்லை. இங்கே இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, பூனையைத் திரியவிடு, அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். அன்றேல், அடைத்து வைத்தாயானால் உணவுக்கு நீயே பொறுப்பு. இந்தப் பொறுப்பு வயிற்றை நிரப்புவதோடு முடிந்துவிடுமா? பூமியிலே அது தேடியிருக்கக் கூடிய இரை அதன் உடலுக்கு எதையெல்லாம் தந்திருக்குமோ, அதையெல்லாம் தருவதன்றோ முழுப் பொறுப்பு?

நம் பகுதியிலே இந்தக் கேள்வி முற்காலத்தில் எழவே இல்லை. அதற்குக் காரணம் நம் நிலத்தின் அமைப்பு. 1961 இலே மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது. அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே கரைவாகுப்பற்றும் நிந்தவூர்ப்பற்றும் ஒரே வடிவில் அமைந்திருந்தன. கிழக்கே கடல், நடுவே மணல் மேட்டிலே நெருங்கிய வீடுகள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மருதமுனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர் வரை இதே காட்சிதான். வங்கக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலே கரைவலை நடக்கும். பூனை கடற்கரைக்குப் போகும். வடகீழ்ப் பருவக்காற்றிலே கடல் கொந்தளிக்கும், வலை ஓயும். மாரி கழிந்து பெரும்போக நெல் அறுவடையாகிப் போடிமார் வீடுகளிலே மூட்டை மூட்டையாக வந்து சேரும். அப்போது எலியும் வரும். பூனைக்கு அதுவே வேட்டைக் காலம். இவ்வாறு நம் பூனை பாதிக் கடலிலும் பாதி வயலிலும் வாழ்ந்தது. கடற்கரையில் அது பெற்ற மீனிலே எந்தக் குறை இருந்தாலும், வயலிற் பிடித்த எலி அதை ஈடு செய்தது.

ஓர் எலியின் உடலிலே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தசையிலே புரதம், எலும்பிலே கல்சியம், ஈரலிலே விற்றமின் ஏ, இதயத்திலும் மூளையிலும் வேறு நுண்ணிய சத்துக்கள், உடலின் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத நீர். இவை யாவும் அளவோடு ஒரே பொட்டலமாக அமைந்துள்ளன. தன்னிச்சையாகத் திரியும் பூனை இவ்வாறான சிற்றிரைகளை ஒரு நாளில் எட்டோ பத்தோ பிடித்துத் தின்னும்.

இன்று நிலைமை வேறு. வீதிகளிலே வாகனம் பெருகிவிட்டது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், கரையோரத்தில் இருந்த பலர் கடலை விட்டு விலகி வீட்டுத்திட்டங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நெல் வீட்டுக்கு வராமல் களத்திலிருந்து நேரே ஆலைக்குப் போகிறது. பிள்ளைகள் ஆசையோடு வளர்க்கும் பூனை நான்கு சுவருக்குள் இருக்கிறது. வயற்பாதி அதற்கு இல்லை. கடற்பாதியும் நாம் கொண்டு வந்து கொடுத்தாலன்றி இல்லை. எனவே, எதைத் தெரிந்தெடுத்துக் கொடுப்பது என்ற கேள்வி நம் தலைமேல் வந்து விழுந்துள்ளது. இக்கேள்விக்கு உலகம் எளிதில் விடை கண்டுவிடவில்லை. பல பிராணிகளின் உயிரை விலையாகக் கொடுத்தே ஒவ்வொரு பாடத்தையும் கற்றது.

முதற் பாடம் மீனைப் பற்றியது. 1932 ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே சாஸ்ரெக் என்பவரின் நரிப் பண்ணையில் நரிகள் கால் தள்ளாடி, வலிப்புற்று மாண்டன. உரோமத்துக்காக வளர்க்கப்பட்ட அந்நரிகளுக்குப் பச்சை மீன் கலந்த தீனி இடப்பட்டு வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, சில மீன்களின் உடலிலே தயமினேசு என்னும் நொதியம் இருப்பதும், அது தயமின் எனப்படும் விற்றமின் பி1 ஐ அழித்துவிடுவதும் தெரியவந்தன. பச்சை மீனையே உண்ட பூனைகளுக்கும் இதே கேடு நேர்வதை 1944 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஹெரிங் குடும்பத்து மீன்கள் பலவற்றிலும் கெண்டை இனங்களிலும் இந்நொதியம் உண்டு. நம் கரைவலையில் விழும் சூடையும் கீரியும் ஹெரிங் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் இந்நொதியம் கொதிநீருக்குத் தாங்காது; மீனை அவித்தால் அது அழிந்துவிடும். பச்சையே சிறந்தது என்னும் வாதத்துக்கு மீன் விடயத்திலே கிடைத்த முதல் மறுப்பு இதுவாகும்.

பெரிய மீன்களிலே வேறு குறையுண்டு. 1950 களிலே, சூரை மீனையே பெரிதும் உண்ட பூனைகளுக்கு உடற்கொழுப்பு மஞ்சள் நிறமாகி வீங்கி, தொட்டாலே கதறும் நோய் கண்டது. மீன் கொழுப்பின் தன்மைக்கு ஈடு செய்யப் போதிய விற்றமின் ஈ அவ்வுணவில் இல்லாமையே அதற்குக் காரணம்.

அதே காலத்திலே யப்பான் நாட்டிலே நிகழ்ந்ததை மீனவர் வாழும் எந்தக் கரையும் மறத்தலாகாது. மினமாட்டா என்னும் விரிகுடாவின் ஓரத்துச் சிற்றூர்களிலே பூனைகள் வெறி கொண்டவை போலச் சுழன்று, சுவரிலே மோதி, சில கடலிலே வீழ்ந்து மாண்டன. பூனைகள் அற்றுப்போனமையால் எலிகள் பெருகிவிட்டன என்று 1954 இலே அந்நாட்டுப் பத்திரிகையொன்று எழுதியது. எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. 1956 இலே மனிதருக்கும் அதே நோய் என்பது வெளிப்பட்டது. அவ்வூர் இரசாயனத் தொழிற்சாலையின் வைத்தியசாலைத் தலைவர் ஹொசொகாவா, தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று இலக்கமிட்ட பூனைக்கு 1959 ஒக்டோபரிலே அந்நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை மறைத்தது. கழிவிலிருந்த பாதரசக் கூட்டுப்பொருளே காரணம் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1968 இலேதான். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்துவிட்டன. பூனையும் மீனவனும் ஒரே மடியிலிருந்து பங்கு பெறுகிறார்கள். ஆகையினால், பூனைக்கு வந்தது தமக்கும் வரும் என்பதை அவ்வூரார் வருந்தியே அறிந்தனர்.

இரண்டாம் பாடம் இறைச்சியைப் பற்றியது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த பொட்டெஞ்சர் என்னும் வைத்தியர் 1932 முதல் 1942 வரை பத்து ஆண்டுகள் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்து ஆராய்ந்தார். பச்சை இறைச்சி உண்டவை தலைமுறை தலைமுறையாகச் செழித்தன என்றும், சமைத்த இறைச்சி உண்டவை நலிந்தன என்றும் அவர் எழுதினார். பச்சை உணவை ஆதரிப்போர் இன்றும் எடுத்துக்காட்டுவது அவரையே. அவர் கண்டதிலே உண்மை இருந்தது. ஆனால் காரணத்தை அறிவதற்கு அக்காலத்து அறிவு போதவில்லை.

அக்காரணத்தின் பெரும்பகுதி என்று பிற்காலத்தார் கருதுவது பின்னரே புலப்பட்டது. 1975 இலே, டோரின் என்னும் பொருள் இல்லாத உணவை உண்ட பூனைகளின் விழித்திரை கெட்டுப் பார்வை மங்குவதை அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். நாய் தன் உடலுக்கு வேண்டிய டோரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையால் போதிய அளவு ஆக்க இயலாது. 1978 இலே மற்றொரு செய்தி வெளிவந்தது. ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் முற்றாக நீங்கிய உணவை ஒரே ஒரு வேளை உண்டாலே, பூனையின் இரத்தத்திலே அமோனியா ஏறி அது மயங்கி வீழும். 1987 இலே, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பையன் என்பாரும் அவர்தம் குழுவினரும், இதயம் விரிந்து தளர்ந்து மாண்டுகொண்டிருந்த பூனைகளுக்கு டோரினைக் கொடுத்து, அந்த இதயங்களை மீண்டும் வலுவுறச் செய்தனர். அப்பூனைகள் தெருப் பூனைகள் அல்ல. முழு உணவு என்று பெயரிட்டு விற்ற தகர உணவையே உண்டு வந்தவை. அதன் பின்னரே உணவு செய்வோர் டோரினின் அளவை உயர்த்தினர்.

நேயர்களே, இவ்வொரு பொருளை வைத்தே நம் சந்தையிலுள்ளவற்றைத் தரம் பிரித்துவிடலாம். டோரின் தாவரங்களில் இல்லையென்றே சொல்லலாம். எனவே சோறும் பருப்பும் பூனைக்கு ஈடாகமாட்டா. உழைக்கும் தசையிலே அது மிகுதி. ஓயாது துடிக்கும் இதயத்திலே அதனினும் மிகுதி. கோழியின் வெண்ணிற நெஞ்சிறைச்சியைவிடக் கருஞ்சிவப்பான தொடை இறைச்சி இதிலே உயர்ந்தது. மேலும் டோரின் நீரிலே கரைவது; அவித்த நீரைக் கொட்டிவிட்டால் சத்தும் அதனோடு போய்விடும். ஆகவே அவித்துக் கொடுப்பவர் சிறிதளவு நீரில் அவித்து, அந்த நீரையும் சேர்த்தே வைத்தல் வேண்டும்.

மூன்றாம் பாடம், நல்லதாயினும் ஒன்றையே கொடுக்கலாகாது என்பது. தனி இறைச்சியிலே பொசுபரசு மிகுதி, கல்சியமோ மிகக் குறைவு. இறைச்சியையும் இதயத்தையும் மட்டும் உண்டு வளர்ந்த குட்டிகளின் எலும்பு மெலிந்து, குதித்தாலே முறிவதை மிருக வைத்தியர்கள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பரவலாகக் கண்டனர். ஈரலின் கதை இதற்கு எதிர்மாறானது. பூனை காய்கறியிலுள்ள மஞ்சட் சத்தை விற்றமின் ஏ ஆக மாற்ற வல்லதன்று; ஆகையால் அதற்குச் சிறிது ஈரல் வேண்டும். ஆனால் ஈரலையே நாள்தோறும் உண்ட பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமற் போனதற்குக் காரணம் அந்த விற்றமினின் மிகுதியே என்பதை 1967 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் விளக்கினர். ஹஜ்ஜுப் பெருநாளிலே குர்பான் இறைச்சி பங்கிடும் வீடுகளில் மிஞ்சும் ஈரலை வாரக்கணக்காகப் பூனைக்கு இடுவோர் இதனை நினைவில் இருத்துதல் நன்று.

நான்காம் பாடம் பச்சை உணவின் ஆபத்து. பூனையின் மலத்தின் வழியே பரவும் ரொக்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று 1969, 1970 ஆம் ஆண்டுகளிலே தெளிவாயிற்று. எலியிலிருந்தும் பச்சை இறைச்சியிலிருந்தும் பூனைக்குத் தொற்றும் அது, கருவுற்ற தாய்மாரின் வயிற்றுச் சிசுவுக்குக் கேடு செய்யக்கூடும். 2004 ஒக்டோபரிலே தாய்லாந்தின் சிறிராச்சா விலங்குப் பூங்காவிலே, பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளைப் பச்சையாக உண்ட புலிகளுக்கு அந்நோய் தொற்றி, நூற்றுக்கு மேற்பட்டவை மாண்டன அல்லது கொல்லப்பட்டன. 2024 டிசெம்பரிலே ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே, உறைய வைத்துப் பொதி செய்த பச்சை வான்கோழி உணவை உண்ட வீட்டுப் பூனையொன்று அதே கிருமியால் இறந்தது. உறைய வைத்தால் எல்லாக் கிருமியும் சாகும் என்னும் எண்ணம் பிழையென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

பொட்டெஞ்சரின் காலத்திலே, பச்சையா சமைத்ததா என்பதே கேள்வியாக இருந்தது. இன்று அக்கேள்வியின் முனை மழுங்கிவிட்டது. எச்சத்து, எதிலே, எவ்வளவு என்று கேட்கத் தெரிந்த பின்னர், அளவாக அவித்த உணவிலும் பூனையைக் குறைவின்றி வளர்க்கலாம். அறியாது கொடுக்கும் பச்சை உணவிலும் அதனைக் கொன்றுவிடலாம்.

ஆகவே கல்முனைச் சந்தைக்குச் செல்லும் ஒருவர் பூனைக்கென எதனை வாங்குவது? வரலாறு கூறும் விடையைச் சுருங்கச் சொல்லுகிறேன். கோழியின் தொடை இறைச்சியை முதன்மையாகக் கொள்ளுங்கள். கோழி இதயமோ மாட்டிதயமோ கிடைக்குமானால் அதிலே ஒரு பகுதியைச் சேருங்கள். ஈரல், மொத்தத்திலே இருபதில் ஒரு பங்கு அளவிலே போதும். மீனை வாரத்தில் ஓரிரு நாளைக்கென வையுங்கள். சூடை, கீரி போன்ற சிறு மீனாகத் தெரிந்து, அவித்து, முள்ளை நீக்கிக் கொடுங்கள். பெரிய சூரையை நாளாந்த உணவாக்க வேண்டாம். முட்டையானால் அவித்தது நன்று. பச்சை வெண்கரு பயோட்டின் என்னும் விற்றமினை உடல் பெறாதபடி தடுக்கும். எலும்புக்கு ஈடாக, கழுவிக் காயவைத்து மாவாக இடித்த முட்டைக்கோது உதவும். அதன் அளவையும், தயமின், டோரின், விற்றமின் ஈ போன்றவற்றை மேலதிகமாகச் சேர்க்கவேண்டிய அளவையும் மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். அதைக் கொடுத்தல் ஆகாது. ஆணத்தை அறவே விலக்குங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. கருவாட்டின் உப்பும் வேண்டாம்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாற்கடலையே நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையைத் தமக்கு உவமையாக்கிக் கொண்டார் கம்பர். உவமை அழகியது; ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. நாம் ஆசையோடு ஊற்றும் பால் சில வேளைகளில் அதற்கு வயிற்றோட்டமாக முடியும். நல்ல நீரே அதற்குப் போதும்.

இவ்வளவு தொல்லை ஒரு பூனைக்காகவா என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். கடற்கரையிலே காத்திருக்கும் அந்தப் பூனைக்கு நாம் இரண்டு மீன் எறிந்தால் அது தருமம். மீதிக்கு அதற்கு வயல் இருக்கிறது, வேலியோரம் இருக்கிறது, இரவும் எலியும் இருக்கின்றன. ஆனால் கதவை அடைத்து நாம் உள்ளே வைத்துக்கொண்ட பூனைக்கு அவை ஒன்றும் இல்லை. தட்டிலே நாம் வைப்பதுதான் அதன் கடலும் வயலும். கண் மங்கினாலும், இதயம் தளர்ந்தாலும், எலும்பு முறிந்தாலும் அது வாய் திறந்து முறையிடப் போவதில்லை. காலை தோறும் அதே நம்பிக்கையோடு நம் காலைச் சுற்றி வரும்.

அதன் பங்கு நம் கையிலே ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கரைவலைப் பங்கிலே ஒரு மீன் குறைந்தாலும் வாய் திறந்து கேட்கும் நம் மக்கள், கேட்க வாயில்லாத பங்காளிக்கும் கணக்குத் தவறாது கொடுப்பார்களாக.